தொண்ணூற்றொன்பது கண்கள்

விஜயபுரம் மண்டலம்
22.11.2001

பரணிக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. போன் பூத்தில் பேசினால் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நானும் ஜெயம்மாவும் திருச்சானூர் போயிருந்தோம். கோயிலில் அம்மாவைக் கும்பிட்டு வெளியே வந்ததும், "உன் தம்பி இன்னாவோ எறா பொம்மை பண்ணி வச்சிகீறான்னியே, வா, பாத்துட்டு போலாம்" என்று ஜெயம்மாதான் இழுத்தாள். ஷேர் ஆட்டோ பிடித்து திருப்பதியில் உன் கண்காட்சிக்கு வந்தோம். நீ பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நேரம். காவல்காரர் ஏகாம்பரம் ஆளுக்கொரு கறுப்புத் துணியைக் கொடுத்தார்.

"இத்த கண்ணுல கட்டிக்கினு உள்ள நடக்கணும்மா. எறா எப்டி கஷ்டப்படுதுன்னு நமக்குத் தெரியணுமாம்."

"நான் மூணு வருசம் அதுங்களோட கூடவே இருந்தவ. எனக்குத் துணி வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

இருட்டு அறை. மெழுகில் செய்த நூறு இறால்கள், நம் முகத்துக்கு நேராக நூலில் தொங்குகின்றன. ஒன்றுக்குக்கூடக் கண் இல்லை. பண்ணையில் நாங்கள் எடுத்தது போல ஒரு கண் மட்டும் அல்ல, பரணி. இரண்டு கண்ணும் இல்லை. அறைக் கோடியில் ஒரு டிவி. அதில் இரண்டு கைகள் ஒரு இறாலின் கண்ணைக் கிள்ளுகின்றன. கிள்ளி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து கிள்ளுகின்றன. ஓயாமல். ஜெயம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏய், கோண சுண்டுவெரலு! இது உன் கையிடி!"

பக்கத்தில் பலகை. தெலுங்கு, தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும்: "கைகள்: ஸ்வர்ணலதா, இறால் குஞ்சுப் பண்ணைத் தொழிலாளி. எத்தனை கண்களைப் பறித்தார் என்பது அவருக்கே நினைவில்லை."

முன்னால் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே தோழியிடம், "சீ, ஏம் ஆடதி ஈமெ!" என்றாள். இவளும் ஒரு பெண்ணா என்று கேட்டாள். நான் அவளுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆடி மாதம் நீ வீடியோ கேமராவோடு வந்தாயே, அன்றைக்கு என்ன சொன்னாய்? "சும்மா ஞாபகத்துக்குக்கா, எப்டி கிள்ளுவேன்னு காட்டு" என்றாய். புத்தூர் மார்க்கெட்டில் ஐஸில் கிடந்த செத்த இறாலை நீதான் வாங்கி வந்தாய். எவர்சில்வர் தட்டில் வைத்து நான் சிரித்துப் பேசிக்கொண்டே காட்டினேன். படத்தில் என் முகம் இல்லை, சிரிப்பு இல்லை, பேச்சு ஒரு வார்த்தை இல்லை. காட்டி முடித்த பிறகு அந்த இறாலை வறுத்தேன். ரெண்டு தரம் போட்டுக்கொண்டு தின்றாய். அது பலகையில் ஏன் இல்லை?

என்னை எடுத்துவிடு. பெயர், கை இரண்டையும்.

பலகையில் எழுதியிருக்கிறாயே, அந்த
ஸ்வர்ணலதா

•

கொர்லகுண்ட, திருப்பதி
28.11.2001

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். நீ வந்த அன்று நான் அங்கே இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. நானே உடன் நடந்து விளக்கியிருப்பேன்.

அந்தக் கைகள் உன்னுடையவை அல்ல, அக்கா. படத்துக்குள் போன பிறகு அவை எல்லோருடைய கைகளும்தான். எனக்கு அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்பதே அங்கே வருகிறவர்களுக்குத் தெரியாது. பெயர் போடச் சொன்னது பணம் கொடுத்து உதவிய அறக்கட்டளை. தொழிலாளியின் பெயரை மறைப்பதுதான் தப்பு என்றார்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

மற்றபடி நான் எதைத் தப்பாகச் செய்தேன்? பண்ணைக்கு உன்னைப் பார்க்க ஒரு முறை வந்தேனே, நினைவிருக்கிறதா? கறுப்புத் தொட்டியில் ஒரு தாய் இறால் இருந்தது. இந்தப் பக்கம் விரலை நீட்டினால் நிழலைப் பார்த்து விலகியது. அந்தப் பக்கம் நீட்டினால் அசையவே இல்லை. விரல் மீசையில் பட்ட பிறகுதான் துள்ளியது. அதன் பிறகு பல நாள் எனக்குத் தூக்கம் சரியில்லை. மாட்டுக்கு அடிபட்டால் கத்துகிறது, நாய் ஊளையிடுகிறது. நாம் திரும்பிப் பார்க்கிறோம். கடலில் இருப்பது கத்துவதில்லை. அதற்காக யாரும் பாவம் பார்ப்பதில்லை. கத்தாத ஒன்றின் வலியை மனிதன் உடம்பில் உணரவைக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. முடிந்தது, அக்கா. டாக்டர் ஒருவர் கறுப்புத் துணியை அவிழ்த்துவிட்டு, இனி இறாலைத் தொடமாட்டேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு கண்ணையும் எடுத்தது ஏன் என்று கேட்கிறாய். ஒரு கண் இல்லாத மெழுகுப் பொம்மையைப் பார்த்தால், உடைந்துபோனது என்று நினைப்பார்கள். இரண்டும் இல்லை என்றால்தான் நின்று பார்ப்பார்கள். கலையில் அளவு கொஞ்சம் கூடும்.

ஜனவரி பத்தாம் தேதி சென்னையில் இதைப் பெரிய அளவில் வைக்கிறார்கள். நம் ஊரிலிருந்து யாருக்கும் இப்படி ஒரு வாய்ப்பு வந்ததில்லை. இந்த நேரத்தில் தடுக்காதே.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. மூன்று வருடம் அந்த வேலையைச் செய்தாயே, அதற்கு வலிக்கும் என்று ஒரு நாளாவது நினைத்தாயா?

உன்
பரணி

•

விஜயபுரம் மண்டலம்
3.12.2001

பரணிக்கு,

நினைத்தாயா என்று கேட்டிருக்கிறாய். உட்கார்ந்து பதில் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

தாய் இறால் கடலிலிருந்து படகில் வரும். வந்த அன்றே கிள்ளமாட்டோம். ஓடு கெட்டியாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். சட்டை உரித்துப் புது ஓடு போட்டிருந்தால் விட்டுவிடுவோம், தாங்காது. தண்ணீரை முதலில் குளிர வைப்போம், அப்போதுதான் அது மந்தமாகும். ஈரத் துணியில் சுற்றி, தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு ஒரு கண்ணைத் தண்டோடு கிள்ளுவோம். மூச்சு ஒரு முறை இழுத்து விடுவதற்குள் முடிந்துவிடும். அந்தத் தண்டுக்குள் இருக்கிற ஏதோ ஒன்றுதான் முட்டை வைக்காதே என்று தடுக்குமாம். அதை எடுத்துவிட்டால் நாலைந்து நாளில் வைத்துவிடும். மற்ற கண்ணைத் தொடமாட்டோம். தீனி தேடவும் நேராக நீந்தவும் அது வேண்டும். நாங்கள் ஒரு நாளும் இரண்டு கண்ணையும் எடுத்ததில்லை.

எங்களை ஏன் வைத்தார்கள் தெரியுமா? நாற்றுப் பறித்துப் பழகிய விரல், வேரைக் கிழிக்காமல் பிடிக்கும் என்று மேனேஜர் சொன்னார். ஆண்கள் கிள்ளினால் தலையே நசுங்கியது. எங்கள் கையில் சாகவில்லை. மருந்துத் தண்ணீரில் ஊறி எங்கள் விரல்நுனி உரிந்தது. ஜெயம்மாவுக்கு இன்னும் நகம் சரியாக முளைக்கவில்லை. கிள்ளி விடும்போது அவள், "தே, ஆய்டுச்சி, போடி தாயி, போ" என்பாள். ஒவ்வொன்றுக்கும் சொல்வாள். பண்ணையில் மற்றவர்கள் அவளைக் கேலி செய்வார்கள். அவளும் ஒரு நாள்கூடச் சொல்லாமல் விட்டதில்லை. உன் டாக்டருக்கு ஐந்து நிமிடம் துணி கட்ட வேண்டியிருந்தது. எங்களுக்கு அந்த இரக்கம் வேலை நேரத்திலேயே இருந்தது. அதை யாரும் படம் எடுக்கவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் ஊருக்கு நர்சம்மா வந்து குழந்தைகளுக்கு ஊசி போடுகிறார்கள். நீ அவர் கையையும் ஊசியையும் அழுகிற குழந்தையின் தொடையையும் மட்டும் படம் எடுத்து ஒரு இருட்டு அறையில் ஓயாமல் ஓடவிடு. கீழே நர்சம்மாவின் பெயரை எழுது. பார்க்கிறவன் என்ன சொல்வான்? படத்தில் பொய் ஏதும் இருக்காது. ஆனால் அவன் வெளியே போய்ச் சொல்வது முழுக்கப் பொய்யாக இருக்கும். செத்த இறாலைக் காட்டும் உன் படத்துக்கு அந்த நேர்மைகூடக் கிடையாது.

நான் கிள்ளிய தாய் போட்ட குஞ்சு குளத்துக்குப் போய், வளர்ந்து, ஐஸ் பெட்டியில் கப்பல் ஏறியது. பண்ணைக்குச் சொந்தக்காரர் இருந்தார். மேனேஜர் இருந்தார். குளத்துக்காரர்கள் இருந்தார்கள். வெளிநாட்டில் தின்கிறவர்கள் இருக்கிறார்கள். இத்தனை பேரில் உன் அறைக்குள் வந்தது என் கை ஒன்றுதான். ஏன்? கேட்டால் காட்டுவாள், காட்டினால் சிரிப்பாள் என்பதாலா?

இன்னொன்று. இந்தப் பக்கம் விரல் நீட்டினால் விலகியது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஒரு கண் இருந்தது உனக்குத் தெரியும். தெரிந்தே நூறு இறாலின் கண்ணைப் பிடுங்கிவிட்டு, பழியை என் விரலில் வைத்தாய். உப்பின் அளவு கூடினால் குழம்பைக்கூடத் துப்புகிறோம்.

பதினைந்தாம் தேதிக்குள் மூன்றில் ஒன்று செய். படத்தை எடு. இல்லை என்றால் அத்தனை இறாலுக்கும் ஒரு கண் வை. அதுவும் முடியாது என்றால் அந்தப் பலகையில் "என் அக்கா" என்று எழுது. அப்போது பார்ப்போம், யாருடைய கை என்று.

ஸ்வர்ணலதா

•

கொர்லகுண்ட, திருப்பதி
8.12.2001

அக்காவுக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். நேற்று நானே போய்ப் பலகையில் அந்த வரிக்கு மேல் வெள்ளைத் தாள் ஒட்டினேன்.

படம் அறக்கட்டளையின் சொத்தாகிவிட்டது, என்னால் எடுக்க முடியாது. சென்னைக்கான புத்தகமும் அச்சாகிவிட்டது. அதில் கண்ணில்லாத இறால்களின் படம் இருக்கிறது. இப்போது கண் வைத்தால் நானே என்னைப் பொய்யன் என்று சொன்னதாகும். "என் அக்கா" என்று எழுதினால் அது நம் வீட்டு விஷயமாகச் சுருங்கிவிடும். நூறு இறாலை விட்டுவிட்டு எல்லோரும் உன்னைப் பற்றிப் பேசுவார்கள்.

நர்சம்மா உதாரணத்தைப் பற்றி யோசிக்கிறேன். ஆனால் நீ சொன்னதையெல்லாம் வைத்தால் அது பாடப் புத்தகமாகிவிடும். யாரும் அழமாட்டார்கள்.

மாமா ஸ்ரீபெரும்புதூர் வேலையிலிருந்து பொங்கலுக்கு லீவில் வீட்டுக்கு வருவார் இல்லையா? அப்போது நான் வருகிறேன். நேரில் பேசினால் நீ சிரித்துவிடுவாய்.

பரணி

•

கொர்லகுண்ட, திருப்பதி
18.12.2001

அக்கா,

நேற்று திங்கட்கிழமை. அரங்குக்கு விடுமுறை. இன்று காலை கதவைத் திறந்தால், இறால்கள் எல்லாம் ஒற்றைக் கண்ணோடு தொங்குகின்றன. ஏகாம்பரத்தைப் பிடித்து உலுக்கினேன். அவர் பதறிப்போய்ச் சொன்னார்.

"சார், நீங்கதான அனுப்ச்சீங்கோ? கூட வந்த அந்தம்மா சொல்லிச்சி. 'சாரு அவசரத்துல கண்ணு வைக்க மறந்துட்டாராம், எங்கள வச்சிட்டு வரச் சொன்னாரு'ன்னு. நான் இன்னா பண்றது? உங்க அக்கான்னு வேற சொன்னாங்கோ. மொகமும் அப்டியேகீது."

"எவ்ளோ நேரம் இருந்தாங்க?"

"காலீல பத்துக்கு வந்தாங்கோ, சாயங்காலம் நாலுக்குதான் போனாங்கோ. நடுவுல புளிசோறு துன்னாங்கோ, எனக்கும் ஒரு உருண்ட குடுத்தாங்கோ. ஒருத்தர் மெழுகுவத்தி புடிப்பாங்கோ, உங்க அக்கா ஊசிய சுட்டுச் சுட்டு மணிய வைப்பாங்கோ. நல்லா நேக்காத்தான் வச்சாங்கோ சார்."

நேக்காக! என் வேலைக்குள் கையை விட்டுவிட்டாய், அக்கா. எட்டு மாத உழைப்பு. நான் உன் வயலில் இறங்கி, நீ நட்ட நாற்றைப் பிடுங்கி வேறு மாதிரி நட்டால் சும்மா இருப்பாயா? என்னைத் திட்டியிருக்கலாம். சென்னைக்காரர்களுக்கு எழுதிப் போட்டிருக்கலாம். இது அடாவடி. ஜெயம்மாக்காவிடமும் சொல்.

இன்று காலை கல்லூரியிலிருந்து நாற்பது பேர் வந்தார்கள். என்னால் தடுக்க முடியவில்லை. ஒருவர்கூட அழவில்லை. முதல் இறாலின் முன்னால் துணியை அவிழ்த்துவிட்டு நின்றார்கள். பிறகு சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். அது பார்க்கிறது, அக்கா. ஒற்றைக் கறுப்பு மணிதான். ஆனால் பார்க்கிறது. ஒரு பையன் என்னிடம் வந்து, "இத்த யார் சார் பண்ணச் சொன்னாங்க?" என்று கேட்டான். இந்த ஒரு மாதத்தில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போதும் இருக்கிறது.

எண்ணிப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பதுக்குத்தான் கண் வைத்திருக்கிறாய். டிவிக்கு எதிரில் தொங்கும் ஒன்றை அப்படியே விட்டுவிட்டாய். மணி தீர்ந்துபோயிற்றா? கீழே ஒரு பொட்டலத்தில் மீதி மணி கிடக்கிறது. நீ அதன் எதிரில் வெகு நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாய் என்றும், ஜெயம்மாக்காதான் கையைப் பிடித்து எழுப்பினாள் என்றும் ஏகாம்பரம் சொன்னார். ஏன்?

இருபத்தெட்டாம் தேதி எல்லாவற்றையும் சென்னைக்குக் கட்டி அனுப்ப வேண்டும். மணிகளைப் பிடுங்குவதா வேண்டாமா என்று அதற்குள் நான் முடிவு செய்ய வேண்டும். பதில் எழுது.

பரணி

•

விஜயபுரம் மண்டலம்
22.12.2001

பரணிக்கு,

அடாவடிதான். செய்தேன். திரும்பவும் செய்வேன். நாற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நான் நடாத நாற்றுக்கு நீ என் பெயரை எழுதி வைத்திருந்தால், நான்தான் முதலில் பிடுங்கிப் போட்டிருப்பேன்.

அந்த ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஜெயம்மாவுக்குத் தெரியும். அவள் கூட இருந்தாள்.

போன கடிதத்தில் நாங்கள் ஒரு நாளும் இரண்டு கண்ணையும் எடுத்ததில்லை என்று எழுதினேன். பொய். ஒரு முறை எடுத்தோம். எடுத்தேன்.

கடைசி வருடம் படகில் தாய் இறால் வருவது குறைந்துபோயிற்று. இருந்தவை இரண்டு மூன்று முறை முட்டை வைத்து ஓய்ந்துவிட்டன. மேனேஜர் ஒன்றைக் காட்டி, "இன்னொரு கண்ணையும் எடுத்துப் பாருங்க, வைக்குதான்னு பாக்கலாம்" என்றார். ஜெயம்மாவின் கையில்தான் அது இருந்தது. அவள் அதைத் தண்ணீரில் விட்டுவிட்டு எழுந்து நின்றாள். "அது அப்பறம் எப்டி சார் துன்னும்? நான் மாட்டேன்" என்றாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, திட்டவில்லை, மிரட்டவில்லை. வெறுமனே பார்த்தார். நான், "குடு இங்க" என்று ஜெயம்மாவை நகர்த்திவிட்டுக் கிள்ளினேன். எல்லோரையும்விட நான்தான் வேகமாகக் கிள்ளுவேன் என்று அங்கே பெயர். அந்தப் பெயருக்காகத்தான் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. தண்ணீரைக் குளிர வைக்கக்கூட நிற்கவில்லை.

அது முட்டை வைக்கவில்லை. மல்லாந்து மல்லாந்து சுற்றியது. தீனி போட்டால் தீனி ஒரு பக்கம், அது ஒரு பக்கம். மூன்று நாள் தொட்டிச் சுவரை முட்டிக்கொண்டே இருந்தது. மூன்று நாளும் நான் வேலைக்குப் போனேன், மற்றதையெல்லாம் கிள்ளினேன். நாலாம் நாள் அது செத்துக் கிடந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். பண்ணையை மூடிவிட்டார்கள் என்று உங்களிடம் சொன்னேன். மூடவில்லை.

உன் இருட்டு அறைக்குள் வந்து நின்றபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, பரணி. பயம். இவனுக்கு எப்படித் தெரிந்தது, யார் சொன்னார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் ஜெயம்மாவைப் பார்த்தேன். நான் சொல்லவில்லை என்று அவள் தலையை ஆட்டினாள். உனக்கு ஒன்றும் தெரியாது, பார்க்கிறவர்கள் அழவேண்டும் என்பதற்காகச் செய்திருக்கிறாய் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது. அப்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

நான் செய்தது ஒன்று. அதற்கு நான் பதில் சொல்கிறேன். எவர் கேட்டாலும் சொல்கிறேன். அந்தக் கல்லூரிப் பெண் திரும்பி வந்து, நீயும் ஒரு பெண்ணா என்று கேட்டால், அந்த ஒன்றின் எதிரில் நின்று கேள் அம்மா என்பேன். ஆனால் நூறுக்கும் என்னைச் சொல்ல நீ யார்? அழவைக்க ஒரு எண்ணிக்கை உனக்குத் தேவைப்பட்டது. உண்மையில் நடந்த ஒன்று உனக்குப் போதவில்லை. அந்த ஒன்று மூன்று நாள் சுவரை முட்டியதைப் பார்த்திருந்தால் உனக்கு அது போதும் என்று தெரிந்திருக்கும். நீ செய்த தொண்ணூற்றொன்பது பொய்க்குள் அது இருக்கும் இடமே தெரியாமல் போயிற்று. அதனால்தான் மற்றதற்கெல்லாம் கண் வைத்தேன். அது தனியாகத் தெரிய வேண்டும்.

ஒற்றைக் கண் கிள்ளியதில் எனக்குப் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. பங்கு என்றுதான் சொல்கிறேன். முழுதும் என்று சொல்லமாட்டேன்.

நீ மணியைப் பிடுங்குவதானால் பிடுங்கு. ஊசியைச் சுட்டு மெதுவாக எடு, இழுத்தால் மெழுகு உடையும். பிடுங்கிய பிறகு இந்த ஊருக்கு வராதே. பொங்கலுக்கும் வராதே.

பிடுங்கவில்லை என்றால் இதைச் செய். நீ வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்த பெயரைத் திறந்து, கண்ணில்லாத அந்த ஒன்றுக்குக் கீழே எழுது. ஸ்வர்ணலதா என்று முழுதாக எழுது. பிறகு பண்ணைக்குப் போ. யார் பண்ணச் சொன்னார்கள் என்று உன்னிடம் ஒரு பையன் கேட்டானே, அதை நீ அங்கே போய்க் கேள். மேனேஜரிடம் கேள், சொந்தக்காரரிடம் கேள், ஐஸ் பெட்டி ஏற்றுகிறவரிடம் கேள். அவர்கள் கையையும் காட்டச் சொல், நான் காட்டியதைப் போல. காட்டுகிறார்களா பார்.

யார் காட்டுகிறார்களோ அவர்கள் பெயரை மற்ற தொண்ணூற்றொன்பதுக்கும் கீழே எழுது. யாரும் காட்டவில்லை என்றால் காலியாக விடு. என் பெயரால் அதை நிரப்பாதே.

அக்கா